மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விட்டார்கள்: என் மீது வழக்கு இருக்கிறதா, இல்லையா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 24 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பட்டதாரி. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் ஊரில் மூன்று வாரமாகக் குடிநீர் வரவில்லை. மோட்டார் பழுது என்றார்கள், பிறகு பைப் உடைப்பு என்றார்கள். ஊராட்சி அலுவலகத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு காலைப்பொழுதில் அறுபது பேர் காலிக்குடங்களோடு பஸ் போகும் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பாதிக்கு மேல் பெண்கள். இவருடைய அம்மாவும் அதில் ஒருவர். ஒரு மணி நேரத்தில் போலீஸ் வந்தது. "கலைந்து போங்கள்" என்றார்கள். "அதிகாரி வந்து பேசட்டும், அப்புறம் போகிறோம்" என்றார்கள் ஊர்க்காரர்கள். எல்லாரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். ஏற்றும்போது இவர் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். ஒரு காவலர் போனைப் பறித்துக்கொண்டு கன்னத்தில் அறைந்தார். மாலை ஆறரை மணிக்கு எல்லாரிடமும் பெயர், அப்பா பெயர், வயது எழுதி வாங்கி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இவரிடம் வாங்கிய ஒரு தாளில் மேலே எதுவுமே எழுதியிருக்கவில்லை. போன் மறுநாள் திரும்பி வந்தது. வீடியோ அதில் இல்லை.

இப்போது ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாலையில் விட்டுவிட்டதால் வழக்கே கிடையாது என்கிறார் ஒருவர். வழக்கு போட்டிருக்கிறார்கள், ஆயிரம் இரண்டாயிரம் ஃபைன் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார் ஸ்டேஷனில் தெரிந்த ஏட்டு. இனி போலீஸ் வேலை கனவுதான், விண்ணப்பத்தில் இதையெல்லாம் எழுதாதே என்கிறார் மாமா. அம்மா ஸ்டேஷன் பக்கம் ஜீப் சத்தம் கேட்டாலே பயப்படுகிறார். "தண்ணீர் கேட்டது தப்பா சார்? போராடுவது அடிப்படை உரிமை என்றுதானே படித்தோம்? அதற்கு எதற்கு அனுமதி? இனி நான் எந்தப் போராட்டத்துக்கும் போகக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, தண்ணீர் கேட்டது தப்பில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் குழாயில் தண்ணீர் வராத ஊரில் ஜனங்கள் சாலைக்கு வந்தால், அங்கே முதலில் பதில் சொல்ல வேண்டியவர் குடத்தோடு உட்கார்ந்தவர் அல்ல. ஆனால் உங்கள் ஊரில் உலவும் மூன்று யோசனைகளுமே உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியவை. அதிலும் ஃபைன் யோசனைதான் மிக ஆபத்தானது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வழக்கு இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மாலையில் விட்டுவிட்டதால் வழக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வழக்கு இருக்கிறது என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. மண்டபத்தில் வைப்பது இரண்டு வழிகளில் நடக்கலாம். ஒன்று, தடுப்பு நடவடிக்கை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170-வது பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151), பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய ஒரு குற்றத்தைச் செய்ய ஒருவர் திட்டமிட்டிருக்கிறார், வேறு வழியில் தடுக்க முடியாது என்று தெரிந்தால் போலீஸ் அவரைக் கைது செய்யலாம். அதிகபட்சம் 24 மணி நேரம். புதிய சட்டத்தில் 172 என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள்: போலீசின் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்பட மறுப்பவரை அப்புறப்படுத்தலாம், பிடித்து வைக்கலாம், சிறிய விஷயமாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும். இந்த இரண்டோடு நின்றிருந்தால் உங்கள் மீது குற்ற வழக்கு இல்லை.

இன்னொரு வழி, மண்டபத்தில் வைத்துக்கொண்டே ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்துவிட்டு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான் என்பதால் மாலையில் சொந்த ஜாமீனில் அனுப்புவது. சாலை மறியல் என்றால் வழக்கமாக எழுதும் பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 189(2), 126(2), 223, 285. அதாவது சட்டவிரோதக் கூட்டம், ஒருவரை வழிமறித்தல், அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல், பொது வழிக்கு இடையூறு. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்களில் ஒன்று ஜாமீன் பத்திரமாகவே இருந்திருக்கலாம்.

ஊகம் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் உங்கள் ஸ்டேஷனையும் தேதியையும் போட்டுப் பாருங்கள். இருந்தால் இறக்கி அச்செடுங்கள். அதில் ஒரு இடத்தை உற்றுப் படிக்க வேண்டும்: ஐந்தாறு பேரின் பெயரை எழுதிவிட்டு "மற்றும் பலர்" என்று முடித்திருப்பார்கள். உங்கள் பெயர் அந்த ஐந்தாறில் இல்லை என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். மண்டபத்தில் எழுதி வாங்கிய பட்டியலை வைத்து, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும்போது அந்த "பலர்" பெயர் பெயராக வருவார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது உங்கள் பகுதிக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் அந்தக் குற்ற எண்ணில் (எஃப்.ஐ.ஆர். எண்) வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று வக்கீல் மூலம் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் அம்மாவுக்கு அது நிச்சயம் கிடைக்கும்.

ஃபைன் கட்டி முடித்துவிடலாம் என்ற யோசனை

ஏட்டு உங்களுக்குக் கெடுதல் நினைத்து இதைச் சொன்னதாக நான் எண்ணவில்லை. ஒரு சின்ன வழக்கை முடிக்க ஸ்டேஷனும் கோர்ட்டும் பழகிப்போன வழி அது. ஒரு நாள் சம்மன் வரும். இருபது பேரை வரிசையாக நிறுத்தி, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். தொகையைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்கு வந்துவிடலாம். வயலில் வேலை கெடுகிறது, இன்னொரு வாய்தாவுக்கு யார் அலைவது என்று நினைக்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதியாகத் தெரியும்.

ஆனால் அந்த ரசீது, ஒரு குற்றத்தில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர் என்பதற்கான சான்று. ஃபைன் என்பதும் தண்டனைதான். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டுக்குப் போனாலும், தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பூர்வத்தையும் பற்றித்தான் பேச முடியுமே தவிர, "நான் குற்றமே செய்யவில்லை" என்று பேச முடியாது. போலீஸ் வேலைக்குப் போக நினைக்கும் ஒருவர் செய்யவே கூடாத காரியம் இது.

எதற்காக இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணிக்கான விதிகளில் 14(b) என்று ஒன்று உண்டு. வேலையில் சேர்க்கும் முன் ஒருவரின் பின்னணியைப் பற்றிப் போலீஸ் விசாரிக்கும் நேரத்தில் அவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தாலோ, சாட்சி பிறழ்ந்ததால் விடுதலை ஆனாலோகூட, "சம்பந்தப்பட்டவர்" என்றே அந்த விதி எடுத்துக்கொள்கிறது. கடுமையான விதிதான். அதன் மீது எனக்கு நிறைய வருத்தம் உண்டு. தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவனையும் கத்தியால் குத்தியவனையும் ஒரே வாசலில் நிறுத்துகிற விதி அது. ஆனால் இன்று இருப்பது அதுதான். அதே விதியின் விளக்கம், கௌரவமான விடுதலை கிடைத்தாலோ, உண்மைக்கு மாறான வழக்கு என்று போலீசே முடித்துவிட்டாலோ, அடுத்த தேர்வில் கலந்துகொண்டு வேலை கேட்கலாம் என்கிறது. ஆகவே உங்களுக்குத் தேவை, வழக்கு எப்படியாவது முடிவதல்ல, சுத்தமாக முடிவது.

சுத்தமாக முடிக்க வழி இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவின் கீழ் (பழைய 482) வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். உங்கள் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. இந்த மாதிரி வழக்குகளில் அங்கே நல்ல தீர்ப்புகள் இருக்கின்றன. 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொன்னார்: அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாகச் சொல்லும் குற்றத்துக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, அந்த உத்தரவைப் போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால்தான் நடுவர் அதைக் கோப்புக்கு எடுக்க முடியும். அது பழைய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவைப் பற்றிய தீர்ப்பு. நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் 223 ஆகியிருக்கிறது, எழுத்துப்பூர்வப் புகார் வேண்டும் என்ற நிபந்தனை சுரக்ஷா சன்ஹிதாவின் 215-ல் அப்படியே இருக்கிறது.

சட்டவிரோதக் கூட்டம் என்பதற்கும் ஐந்து பேர் கூடினால் மட்டும் போதாது. வன்முறையால் மிரட்டுவது, சட்டம் நிறைவேறுவதைத் தடுப்பது, குற்றம் செய்வது என்று சட்டம் பட்டியலிட்டிருக்கும் பொது நோக்கங்களில் ஒன்று இருக்க வேண்டும். அமைதியாகக் கோரிக்கை வைத்துக் கூடியதை அந்தப் பட்டியலில் நுழைக்க முடியாது என்று சொல்லி உயர் நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. அப்புறம் கெடு என்று ஒன்று இருக்கிறது. ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு ஓராண்டுக் கெடு; பழைய சட்டத்தில், அதற்குள் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று வாதாட முடிந்தது. மறியல் வழக்குகள் ஸ்டேஷன் அலமாரியில் தூங்கிவிட்டு இரண்டு, மூன்று வருடம் கழித்து எழுந்து வருவது சாதாரணம். எஃப்.ஐ.ஆர். தேதியையும் குற்றப்பத்திரிகைத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-வது பிரிவு, கெடுவைக் கணக்கிட எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதனால் இந்த வாதம் உங்கள் வழக்கில் நிற்குமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் செய்தது ஆர்ப்பாட்டம் அல்ல, மறியல். பஸ்ஸை நிறுத்தியிருக்கிறீர்கள். வழிமறித்தல், பொது வழிக்கு இடையூறு என்ற இரண்டு பிரிவுகளும் மற்ற இரண்டைப் போல லேசில் உதிராது. அவற்றுக்குத் தண்டனை சிறியதுதான் என்றாலும், ரத்து மனுவில் இதற்கு உங்கள் வக்கீல் தயாராகப் போக வேண்டும். எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், ஆம்புலன்ஸ் வந்தபோது வழிவிட்டீர்களா, அதற்கு முன்பு யாரிடமெல்லாம் முறையிட்டீர்கள் என்பதெல்லாம் அங்கே பேசும்.

போராட்ட வழக்குகளை அரசே திரும்பப் பெறுவதும் உண்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டம், கூடங்குளம் போராட்டங்களில் போட்ட வழக்குகள் அப்படித் திரும்பப் பெறப்பட்டன. உங்கள் ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினை மாநிலமே பேசிய போராட்டம் இல்லை. அந்த நம்பிக்கையில் காத்திருக்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் எழுதாதே என்ற யோசனை

மாமா சொன்னதைக் கேட்காதீர்கள். வழக்கு இருப்பது உறுதியானால், விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் குற்ற எண்ணோடு எழுதுங்கள். மறைத்தால், வழக்கு ஒன்றுமில்லாமல் போனாலும் மறைத்ததே தனிக் காரணமாகி வேலை போய்விடும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாகப் பார்த்தது. இள வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை ஒருவர் மறைத்திருந்தால்கூட, வேலை கொடுப்பவர் விரும்பினால் அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறதல்லவா? ஆனால் "விடலாம்" என்பது அவர்கள் விருப்பம். அதை நம்பி மறைக்கக் கூடாது. உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. சொன்னவருக்கு வாதாட இடம் இருக்கிறது, மறைத்தவருக்கு அந்த இடம் சுருங்கிவிடுகிறது.

டி.என்.பி.எஸ்.சி. போன்ற மற்ற தேர்வுகளுக்கு 14(b) கிடையாது. அங்கே வழக்கின் தன்மையைப் பார்ப்பார்கள். ஆகவே எல்லாக் கதவும் மூடிவிட்டது என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

அனுமதி எதற்கு என்று கேட்டீர்கள்

அரசியல் சாசனத்தின் 19(1)(a) பேச்சுரிமை, 19(1)(b) ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. நீங்கள் படித்தது சரி. அதற்கு அடுத்தே 19(2), 19(3) இருக்கின்றன. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். இங்கே முக்கியமான சொல் "நியாயமான". தெருவிலும் பொது இடத்திலும் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், எல்லாத் தெருவையும் மூடி அந்த உரிமையையே இல்லாமல் செய்ய முடியாது என்று ஹிம்மத்லால் ஷா வழக்கில் அரசியல் சாசன அமர்வு 1972-லேயே சொல்லிவிட்டது. 2018-ல் டெல்லி ஜந்தர் மந்தர் போராட்டத் தடையைப் பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் முழுத் தடையை ஏற்கவில்லை. மறுபக்கம், 2020-ல் ஷாஹீன் பாக் வழக்கில், பொதுச் சாலையைக் காலவரையின்றி மறித்து உட்கார முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. இங்கே மெரினாவில் ஒரு நாள் உண்ணாவிரதத்துக்கு 2018-ல் தனி நீதிபதி அனுமதி கொடுத்தார். அது மேல்முறையீட்டில் நிற்கவில்லை. உரிமை உண்டு, இடத்தையும் நேரத்தையும் பற்றிப் பேச அரசுக்கும் அதிகாரம் உண்டு.

மாவட்டங்களில் "30(2) அமலில் இருக்கிறது" என்று போலீஸ் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் பிரிவு அது. ஊர்வலம், கூட்டம் நடத்துபவர்கள் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் (எஸ்.பி.) அறிவிக்கலாம். ஒழுங்குபடுத்தத்தான் அது, ஒரு மாவட்டத்தையே வருடம் முழுக்க வாய்மூட வைக்க அல்ல. கரூரில் 2025 செப்டம்பர் 27-ல் நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு கூட்டங்களுக்கு அனுமதி கேட்டால் கேள்விகள் கூடியிருக்கின்றன. பல்லாயிரம் பேர் கூடும் அரசியல் கூட்டத்துக்கு அந்தக் கேள்விகள் தேவைதான். அறுபது பேர் குடத்தோடு நிற்பதற்கு அதே தட்டியைக் காட்டினால், "எங்கள் கூட்டத்தில் என்ன ஆபத்து, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

அனுமதி கேட்பதைக் கெஞ்சுவதாக நினைக்காதீர்கள். அது உங்களுக்குச் சாதகமான காகிதம். ஒரு வாரம் முன்பே மனு கொடுங்கள்: எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், என்ன கோரிக்கை. நகலில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மறுப்பதானால் காரணத்தோடு எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு வாய்மொழியாக "வேண்டாம்" என்று சொல்வதுதான் நடைமுறையில் நிறைய நடக்கிறது, அதற்காகத்தான் ஒரு வாரம் முன்பே என்கிறேன். எழுத்தில் மறுப்பு கையில் இருந்தால் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். வேறு இடம், குறைந்த நேரம் என்று நிபந்தனையோடு நீதிமன்றம் அனுமதி கொடுப்பது வழக்கம்தான்.

அறைந்த காவலர், பறித்த போன், வெற்றுத் தாள்

கடிதத்தில் இதை ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். "அதை விடுங்கள் சார், வழக்கைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற தொனி. விட வேண்டாம் தம்பி. நாளைக்கு அந்தச் சீருடையைப் போட நினைக்கிறவர் நீங்கள்.

சாலையில் பணியில் இருக்கும் போலீசை வீடியோ எடுப்பது குற்றம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. போனைச் சாட்சியமாக எடுப்பதானால் கைப்பற்றுதல் பட்டியல் எழுத வேண்டும், நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். கைப்பற்றுவதையே ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு. பறித்து, அழித்து, மறுநாள் கொடுத்ததற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தப் போனில் இனி அதிகம் எடுக்காமல், அழிந்ததை மீட்க முடியுமா என்று கூகுள் கணக்கின் காப்பிலும் நல்ல கடையிலும் பாருங்கள். கூட இருந்த வேறு யாராவது எடுத்திருந்தால், வாட்ஸ்அப்பில் வாங்காமல் மூலக் கோப்பாகவே வாங்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் கேமரா இருந்திருக்கும். இப்போதெல்லாம் மொய் மேசைக்கு நேராக ஒன்று இல்லாத மண்டபம் அபூர்வம். ஸ்டேஷன் கேமராப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவு இருக்கிறது. மண்டபத்துக்கு அது பொருந்தாது. அங்கே பழைய பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். ஆகவே மண்டப உரிமையாளருக்கு இன்றே ஒரு கடிதம் கொடுங்கள், அந்தத் தேதியின் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி. நகலை எஸ்.பி.க்கும் அனுப்புங்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியதை உடனே ஆட்சேபித்துப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு எழுதுங்கள். விசாரணையில் போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்திலேயே சொல்பவரின் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது அதன் 181-வது பிரிவு. வெற்றுத் தாளைப் பற்றிப் பேசவே வேண்டாம். நாளைக்கு அதில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் ஆட்சேபக் கடிதம் அதற்கு முந்தியதாக நிற்கும்.

அறைந்ததற்கு எங்கே போவது? எஸ்.பி.யிடம் புகார், பலனில்லை என்றால் நடுவர் நீதிமன்றம். இதில் அரசு ஊழியருக்குப் புதிய சட்டம் கூடுதல் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது: பணியின்போது செய்ததாகச் சொல்லும் குற்றம் என்றால் நடுவர் முதலில் மேலதிகாரியின் அறிக்கையையும் பார்க்க வேண்டும். மாவட்ட காவல் புகார் ஆணையம் என்று ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அது இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் போட்ட சட்டத்தில் தலைவர் மாவட்ட ஆட்சியர், உறுப்பினர் எஸ்.பி. போலீஸ் மீதான புகாரை போலீஸ் அதிகாரியே உட்கார்ந்து விசாரிக்கும் ஏற்பாடு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாநில மனித உரிமை ஆணையம்தான் உங்களுக்கு நடைமுறையில் கைகொடுக்கும். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

போலீஸ் வேலைக்குப் போகிறவன் போலீஸ் மீதே புகார் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஆபத்து இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விசாரணை அறிக்கை எழுதப்போவது அதே ஸ்டேஷன். அதனால் வழக்கை ரத்து செய்யும் மனுவை முதலில் போட்டுவிட்டு, ஆணையப் புகாரை ஓராண்டுக்குள் பிறகு கொடுக்கலாம், முடிவு உங்களுடையது. எதைச் செய்தாலும், நடந்ததை இன்றே தேதி, நேரம், காவலரின் பெயர்ப் பட்டையில் பார்த்தது, பக்கத்தில் நின்றவர்கள் பெயர் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கன்னத்தில் வீக்கமோ காதில் வலியோ இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் காட்டுங்கள்.

தூத்துக்குடியில் 2018 மே 22, 23-ல் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு வருடம் விசாரித்து, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை நின்றது, காயம்பட்டவர்களும் பார்த்தவர்களும் பயந்து ஒதுங்காமல் வந்து சொன்ன சாட்சியத்தின் மேல். உங்கள் கன்னத்தில் விழுந்த அறையை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் யாரும் எழுதிவைக்காத அத்துமீறலுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது இரண்டுக்கும் பொதுவானது.

இனி போகக் கூடாதா?

போங்கள். வழக்கு முடியும்வரை மறியல், முற்றுகை என்பவற்றிலிருந்து மட்டும் நீங்கள் தள்ளி நிற்பது புத்திசாலித்தனம்; இரண்டாவது எஃப்.ஐ.ஆர். விழுந்தால் முதலாவதை ரத்து செய்வதும் கஷ்டமாகும். அனுமதி வாங்கிய ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், மனு கொடுக்கப் போவது ஆகியவற்றில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். அடுத்த முறை போலீஸ் வேனில் ஏறச் சொன்னால் ஏறுங்கள், தள்ளுமுள்ளு வேண்டாம். போலீசைத் தாக்கியதாக நியாய சன்ஹிதாவின் 132-வது பிரிவு ஒன்று சேர்ந்துவிட்டால் கதையே மாறிவிடும், அது ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் அல்ல. ஏறும்போது எந்தப் பிரிவில், என்ன காரணத்துக்காக என்று கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. பெண்களைத் தொட்டு ஏற்றுவது பெண் காவலராக இருக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்வதற்கு நடுவரின் முன்அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். அன்று பெண் காவலர் இருந்தார்களா என்று அம்மாவிடம் கேட்டு அதையும் நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக, தண்ணீர். உங்கள் கடிதத்தில் அது நடுவிலேயே காணாமல் போய்விட்டது. மறியலுக்குப் பிறகு தண்ணீர் வந்ததா என்றே எழுதவில்லை. வரவில்லை என்றால், பத்து ரூபாய் நீதிமன்ற முத்திரைவில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் மோட்டார் பழுதுக்குச் செலவிட்ட தொகை, பில் நகல், தண்ணீர் விட்ட நாட்களின் பதிவேடு. 30 நாளில் பதில் வர வேண்டும். ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது என்று அந்தப் பதிவேடு காட்டும். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அறுபது பேரும் அங்கே போய் உட்காருங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பில் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானம் போடச் சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் அம்மாவையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால், இந்த முறை வட்டார வளர்ச்சி அலுவலர் வாய்மொழியாகப் பதில் சொல்லித் தப்ப முடியாது.